ஓசை அடங்கும் நேரம்

வரைபடத்தில் கதிரைகள் எண்ணூறு.
குளிரூட்டி எங்கே பூட்டுவது என்று கேட்டார்கள்,
பெயர் வெட்டிய கல் எந்தச் சுவரில் என்று கேட்டார்கள்.
கடைசி வரிசையில் ஒருவர் இருமினால்
அந்த இருமல் எங்கே போகும்
என்று யாராவது கேட்பார்கள் என்றிருந்தேன்.
தேத்தண்ணி வந்தது.

பண்ணைக் கடலுக்கு முதுகு காட்டியபடி
அரைகுறையாய் நிற்கிறது மண்டபம்.
திருப்பி வைத்தது நான்தான்.
சோளகம் வீசும் மாதங்களில்
ஒலிவாங்கியில் முதலில் பேசுவது காற்று.

அத்திவாரம் வெட்டுமுன்னம் நாற்பது நாள்
விடியப்புறம் வந்து நின்று
காதில் விழுந்ததை எல்லாம் கொப்பியில் எழுதினேன்.
பாண் ஓட்டோவின் பாட்டு, வலமிருந்து இடமாக.
ஊர்காவற்றுறை பஸ் கியர் மாற்றும் இடம்.
பள்ளிவாசல் பாங்கு முடிந்து
மாதா கோவில் மணி தொடங்குமுன்
சின்னதொரு வெறுமை, அதில் ஒரு காகம்.
வீச்சுவலை தண்ணீரில் விழும்போது
அத்தனை ஈயக்குண்டும் ஒன்றாய்ச் சொல்லும் ஒரு சொல்.
அதற்கு எழுத்தில்லை.
கோடு ஒன்று இழுத்துவிட்டேன்.

எதைச் சுவருக்குள் விடுவது,
எதை வாசலில் நிறுத்துவது,
இதுதான் எனக்குத் தந்த வேலை.
பஸ்ஸை நிறுத்தினேன்: இரட்டைச் சுவர், நடுவில் மணல்.
மணிக்கும் பாங்குக்கும் மேலே ஒரு சாளரம் விட்டேன்.
மழையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
முன்கூடத்துக்கு மட்டும் தகரம் போட்டேன்.
ரிக்கற் கிழிப்பவர்
மாரி முழுக்கக் கத்திக் கதைக்கட்டும்.

கொழும்பிலிருந்து ருக்‌ஷான் வந்தான், ஓசை அளக்க.
முக்காலி, கருவிப் பெட்டி,
பை நிறையச் சிவப்புப் பலூன்.
ஊதிக் குத்தி உடைத்து,
சத்தம் செத்துப்போக எவ்வளவு நேரம் என்று பார்ப்பது.
அவ்வளவுதான்.

முதல் பலூன்.

சாரத்தில் நின்ற மேசன் எமிலியானுஸ்
பலகையில் குப்புறக் கிடந்தார்.
சீமெந்து குழைத்த இரண்டு பேர் சுவரோடு சுவராக.
நான் மேடைக்குக் கீழே.
எப்போது போனேன், தெரியாது.
பற்களுக்கிடையில் பென்சில்,
பங்கருக்குள் சின்ன வயதில் சொல்லித்தந்த மாதிரியே.

ருக்‌ஷான் மட்டும் நின்றான்,
கையில் ரப்பர்த் துண்டு.
திரையைப் பார்த்தபடி
"ஒன்று தசம் எட்டு செக்கன், நல்ல எண்" என்றான்.
பிறகுதான் எங்களைத் தேடினான்.

யாரோ சிரிக்கத் தொடங்க, எல்லாரும் சிரித்தோம்.
எழும்பி முழங்கால் தட்டினோம்.
மிச்சப் பலூன்களைச் சாரக்கம்பில் கட்டிவிட்டான் அவன்.
ஒரு கிழமையாய் அவை தாமாகச் சுருங்கின.

இரண்டாம் வழி, பெட்டியிலிருந்து ஏறி ஏறிப் போகும் விசில்.
குருநகர் நாய்கள் முழுதும் ஊளையிட்டதில்
அந்தப் பதிவு பழுது.

அப்போது எமிலியானுஸ் இறங்கி வந்தார்.
ஆனித் திருவிழாக் கூத்தில் ராசா வேசம் அவருக்கு,
நடையிலேயே தெரியும்.
"தங்கச்சி, ரெண்டு பலகை தாங்கோ, நான் அடிக்கிறன்.
நானே அடிச்சா எனக்குப் பயமில்லை."
மேடை நடுவில் நின்று, எங்களை ஒருமுறை பார்த்து,
மூன்று எண்ணி,
அடித்தார்.

ஒருவரும் விழவில்லை.
ஓசை மேலே போய்க் கூரையைத் தடவி,
பின்வரிசையில் கொஞ்சம் இருந்து,
போனது.
எண் அதேதான்.

அன்றிரவு கதவுகளை அழித்து மறுபடி வரைந்தேன்.
பன்னிரண்டு கதவுக்கும் மெல்லச் சாத்தும் பிணைச்சல்,
விளிம்பில் கம்பளி.
எழும்பும்போது படாரென மடியாத கதிரைகள்.
செலவு ஏறிற்று.

கதவுக்கு எதற்கு இவ்வளவு காசு
என்று கேட்டார் தலைவர் குலவீரசிங்கம்,
பேனை மூடியைக் கழற்றாமல்.
தூசி வராது, ஐயா, என்றேன்.
அவரும் இந்த ஊர்தான்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டு
"ஓம், தூசிதான்" என்று
கையெழுத்துப் போட்டார்.